அடக்கமும் அச்சமும்

புதிதாய்ப் பள்ளிக்கு வந்த குழந்தையொன்று, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி, ஏனைய நேரமெல்லாம் வாய் திறவாது அமர்ந்திருக்கின்றது. அதனை அடக்கம் என்பதா, அச்சம் என்பதா? சிறிய வினாவாகத் தோன்றினும், அதன் விடையைப் பொறுத்தே அக்குழந்தை பாராட்டப்படுவதும் பழிக்கப்படுவதும் அமையும்.

மாசாய் போன்ற ஊரில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. இங்கே தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் சீனமும் கேட்டு வளர்கின்றது. அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். மலாய் மக்களும் 'மாலு' எனப்படும் நாணத்தை நற்பண்பாகவே மதிப்பர். ஆனால், இன்றைய மழலையர் வகுப்போ முன்வந்து பேசும் பிள்ளையையே தெளிவுள்ள பிள்ளை எனக் கொள்ளும்.

தாயன்பும் இவ்வாறே பலவகைப்படும். தமிழகத்துச் சிற்றூர்க் குடும்பமொன்றோடு வாழ்ந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் மார்கரெட் டிராவிக் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். தாய் தன் மகவை ஆசையோடு உற்று நோக்கலாகாது, கண் பட்டுவிடும் என்னும் நம்பிக்கையை அவர் அதில் எடுத்துரைத்தார். மறைத்த அன்பு, இல்லாத அன்பு ஆகாது. நம் தோட்டங்களில், அன்னையர் பால்மரம் வெட்டச் சென்ற பொழுதுகளில், ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு தாயின் இடையறாத அணைப்பே அன்பின் அளவுகோலாயின், அவர்களையெல்லாம் அன்பறியாதார் என்று கூற நேரும், அது பொருந்துமா?

அங்ஙனமாயின், அவரவர் வழக்கமே அவரவர்க்கு அறம் என்று விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. எட்டு நாடுகளில் தாய்-சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த முடிவுகளை 1988இல் வான் ஐசண்டோர்ன், குரூனன்பெர்க் ஆகிய டச்சு ஆய்வாளர்கள் ஒப்பு நோக்கினர். நாட்டுக்கு நாடு காணும் வேறுபாட்டினும், ஒரே நாட்டினுள் காணும் வேறுபாடு மிகுதி எனக் கண்டனர். ஆகவே, 'நம் பிள்ளைகள் இப்படித்தான்' என்னும் சொல், கண்ணெதிரே நிற்கும் ஒரு பிள்ளையின் துயரை மறைக்கும் திரையாகிவிடலாம்.

பின் எதனைக் கொண்டு அறிவது? பேசாத பிள்ளை விளையாட்டில் கலந்துகொள்கிறதா, அடிபட்டால் அறிந்த பெரியவரிடம் ஓடிவருகிறதா என்று நோக்குதல் வேண்டும். வருமாயின் அதனை அடக்கம் எனலாம். வலியையும் மறைக்குமாயின், அங்கே ஏதோ ஓர் அச்சம் குடிகொண்டுள்ளதா என ஆராய்தல் வேண்டும். அடக்கம் உள்ளத்தில் விளைவது. அச்சம் பிறரால் ஊன்றப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு அச்சத்துக்கு நற்பெயர் சூட்டுதல் குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும். அதனைத் தவிர்க்கும் பொறுப்பு, பெற்றோர்க்கு அடுத்து, ஆசிரியர்க்கே உரியது.