ஆர் தந்தது?

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்துக்குத் திராட்சை அறுக்க வருகிறவர்களில் ஒரு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். 1990இல் படகேறி வந்தவர். முகாமும் கூலி வேலையுமாக இந்தப் பள்ளத்தாக்கிலேயே காலம் ஓடிவிட்டது. பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து கொத்து வெட்ட வேண்டும். கழுத்து கடுக்கும்போது பேச்சு கிளம்பும்.

“இப்பிடித்தான் தம்பி, அண்டைக்கும் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்” என்றார் ஒருநாள்.

அவர் சொன்ன நாள் 1987 ஜூன் 4. அதற்கு முந்தின நாள்தான் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் இந்தியாவின் 5 ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் போட்டன. அதற்கு வைத்த பெயர் பூமாலை. காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள் கூடவே பறந்தன. முற்றுகையில் கிடந்த குடாநாட்டுக்கு 25 டன் எத்தனை வேளைக்கு வரும்? கம்பத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிப் போகிற லாரிகளில் இரண்டு மூன்று சேர்ந்தாலே அவ்வளவு எடை வந்துவிடும். வந்தது சோறு மட்டுமல்ல என்பது கொழும்புக்கு உடனே புரிந்தது. ஜூலை 29இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் ஆயிற்று, இந்திய அமைதிப்படையும் இறங்கியது. பன்னிரண்டு வயது அக்காவுக்கு அது சோறுதான். தெருவே கைதட்டியதாம்.

அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. நல்லூர்க் கோயிலில் தஞ்சம் புகுந்த பெருங்கூட்டத்தில் அக்கா வீட்டாரும் இருந்தார்கள். வீடு திரும்பிய பிறகு ஒருநாள் ஆமி ட்ரக்கில் அரிசி வந்திருக்கிறது.

“வாங்கினனாங்கள். பசிக்குக் கொடி தெரியுமே? ஆனா ரெண்டு நாள் கழிச்சு ராவிலை ஆக்கள் வந்து கேட்டினம், ஆர் தந்தது எண்டு. அதுக்குப் பிறகு அம்மா எங்களை வரிசைக்கு விடேல்லை.”

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கொடுத்தவர் பொழுது சாயுமுன் தன் கூடாரத்துக்குப் போய்விடுவார். வாங்கியவர் இருட்டியும் அங்கேயேதான் இருக்க வேண்டும். அரிசிக்குத் துணையாக வந்த துப்பாக்கிக்கும் சேர்த்து ராத்திரியில் கணக்குத் தீர்ப்பவர் அவர்தான்.

எங்கள் ஊரில் அமைதிப்படைக்குப் போய் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை. “குடுக்கப் போனாலும் துப்பாக்கியக் கீழ வைக்க முடியாதுப்பா. வச்சா நான் ஊர் வந்து சேந்திருக்க மாட்டேன்” என்றார். அதுவும் உண்மை. 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் கும்ருக் அருகே ஐ.நா. வாகனங்களுக்குக் காவலாகப் போன 5 இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்கு இறந்தார்கள்.

செஞ்சிலுவைச் சங்கம் பொதுவாக ஆயுதக் காவலோடு போவதில்லை. சண்டையிடும் இரு தரப்பிடமும் பேசி வழி கேட்டு, வெறுங்கையோடு போகும். 2009இல் இலங்கையின் இறுதிப் போரில் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது அப்படித்தான். ஆனால் வழி விடுகிறவர் மனம் மாறினால் வெறுங்கை என்ன செய்யும்? 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று வாசலில் நின்று கெஞ்சினார்கள் சனங்கள். துப்பாக்கியோடு வருகிற உதவியைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த வாசல் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

இதையெல்லாம் தூரத்துச் சங்கதி என்று தள்ள முடியாதபடி 2011 டிசம்பர் வந்தது. முல்லைப்பெரியாறு தகராறில் குமுளிப் பாதை அடைபட்டது. இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பயந்து மலையிறங்கின. நாங்கள் நாலைந்து பேர் அரிசியும் போர்வையும் சேர்த்துக்கொண்டு போடிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனோம். வழியில் கலவரம் வரலாம் என்று நாங்களே கேட்டு வாங்கிய போலீஸ் வேன் முன்னால் போனது. வேன் வாசலில் நின்றதும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை முந்தானைக்குள் இழுத்து மறைத்தாள். காவலர்கள் நல்லவர்கள்தான், மூட்டை இறக்கவும் கைகொடுத்தார்கள். ஆனாலும் எங்கள் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேன் போன பிறகுதான் ஒரு கிழவி, “நீங்க எந்த ஊரு சாமி?” என்று கேட்டாள். அடுத்த தடவை வேனை முக்கிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு மூட்டைகளைத் தோளில் சுமந்து போனோம். ஐம்பதடி தூரம் இருக்கும். அதற்குள் ஒன்றும் ஆகாது என்ற தைரியம் எங்களுக்கு இருந்தது. கும்ருக்கில் ஐம்பதடி என்பது வேறு.

போன வாரம் அறுப்பு மும்முரம். பெட்டி அடுக்கிக்கொண்டே அக்காவிடம், நாளைக்குக் கொஞ்சம் வெள்ளென வாங்க என்றேன்.

“நாளைக்கு ஏலாது தம்பி. முகாமிலை செக்கிங். ஆள் நிண்டு முகம் காட்டினாத்தான் காசு.”

கத்தரியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, உதிர்ந்த பழங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.