பின்களத்துக்கு ஓர் ஆள்

செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் இந்த நேரத்தில் ஒரு ஹாக்கி ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல ஆசை.

திலீப் திர்க்கி. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில், சௌனமாரா என்ற கிராமத்தில் 1977இல் பிறந்த பழங்குடிப் பிள்ளை. அந்தப் பக்கத்து ஊர்களில் ஹாக்கி ஜெயித்த அணிக்கு ஆட்டுக்கிடாய்தான் பரிசு. அங்கிருந்து வந்து, 2010இல் ஓய்வு பெறும்வரை இந்தியாவுக்காக 412 ஆட்டங்கள் ஆடினார். மூன்று ஒலிம்பிக். 2004 ஏதென்ஸில் அணித்தலைவரும் அவரே.

இவ்வளவும் பின்களத்தில் நின்று ஆடியது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும்போது பாருங்கள். கோல்கீப்பரோடு நான்கே பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். பந்து உள்ளே வந்ததும், அடிக்கப்போகிறவரை நோக்கி ஒருவர் நேராக ஓட வேண்டும். எதிரே வரும் பந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். முழங்காலைப் பதம் பார்க்கும் என்று தெரிந்தும் விலகக் கூடாது. மறுநாள் பேப்பரில் கோல் போட்டவர் படம்தான் வரும்.

2000, சிட்னி ஒலிம்பிக். பயிற்சியாளர் நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரன். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர். போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடங்களில் ஒரு பந்து உள்ளே போனது. ஆட்டம் சமன், அரையிறுதி போச்சு. முன்களத்தில் ஒரு வாய்ப்பு தவறினால் இன்னொன்று வரும். பின்களத்தில் அந்தச் சலுகை கிடையாது. அன்று அந்த அணியில் இருந்த திர்க்கி, அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் அதே இடத்தில் நின்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது இங்கேதான்.

2022இல் அவர் ஹாக்கி இந்தியாவின் தலைவரானார். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்ததே, அது அவர் காலத்தில்தான். பக்கத்தில் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் ஹாக்கிக் கோப்பைக்கு நாடெங்கும் இருந்து அணிகள் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கும் ஹாக்கி எட்டாத தூரமில்லை.

பி.டி. வாத்தியார்களிடம் ஒரு வேண்டுகோள். சாயங்காலம் அணி பிரிக்கும்போது, ஓட முடியாதவனைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். கூட்டத்திலேயே நெஞ்சுரம் உள்ள பையனை, பெண்ணை, முதலில் பின்களத்துக்கு எடுங்கள்.