காணாத அறிவு

மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கிய கையோடு, பக்கத்திலுள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போனேன். விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தில், புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சமணர்க்கு மூன்று ரத்தினங்கள்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். நம்பிக்கைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘காட்சி’! கண்ணை மூடுவதல்ல, திறப்பது. வாதத்துக்கு அஞ்சியவர்களும் அல்லர். காஞ்சியில் அகளங்கர் பௌத்தரை வாதில் வென்றார் என்பது மரபு. அவர்களே அறிவை இரண்டாவதாக வைத்தது ஏன்?

கூட்டை வெந்நீரிலிட்டு, புழுவைக் கொன்றே பட்டுநூல் எடுக்கிறார்கள். இது பள்ளிக்கூடத்திலேயே நான் படித்தது. தெரிந்துதான் பேரம் பேசினேன். அந்த மண்டபத்தில்தான், யாரும் வாதாடாமலே, அதைக் கண்டேன். பொட்டலம் கனத்தது.

ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாவது ரத்தினம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.