வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால்



 



நாம் நெல் விளையும் பூமியில் வாழ்பவர்கள். அளவையின் அருமை நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சில பண்ணைகளில் இரண்டு மரக்கால் வைத்திருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குத்தகை நெல்லை வாங்கும்போது பெரியது. கூலி நெல்லை அளந்து போடும்போது சிறியது. இப்படிப்பட்டவர்களுக்குக் கேடுதான் என்று சொல்லித்தான் அல்லாஹ் முதஃப்பிஃபீன் என்ற 83-ஆவது ஸூராவைத் தொடங்குகிறான். தனக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது எச்சரிக்கிறது.

அந்த எச்சரிக்கை கடைவீதிக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். நெல்லைக் குறைத்து அளப்பதற்கே கேடு என்றால், மனித உயிரைக் குறைத்து அளந்தால்? போர் தொடுக்கும் அரசுகள் பல அதைத்தான் செய்கின்றன. ஆனால் அரசுகளைக் குறை சொல்லும் முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை அப்படி அளந்தவன்தான்.

சில வாரங்களுக்கு முன் காஸா மக்களுக்காக இங்கே துஆ செய்தோம். தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், 2009-ல இலங்கையில அத்தனை பேர் செத்தாங்களே, அவங்களுக்காக நாம கையேந்தினோமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2009-ல் நான் ஓதி முடித்து பட்டம் வாங்கி சில வருடங்களே ஆகியிருந்தன. வேறு ஊரில் இமாமத். டீக்கடையில் ஒரு விவசாயி, இந்து சகோதரர், பத்திரிகையைக் காட்டி என்னிடம் வருத்தப்பட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, நம்ம ஆளுங்களப் பள்ளிக்குள்ள வச்சுச் சுட்டவங்கதானே அவங்க?" அவர் கோபப்படவில்லை. "தம்பி, அந்தப் புள்ளைங்க யாரைச் சுட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன சம்பவம் பொய் அல்ல. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் இருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு மாகாணம் முழுவதுமாக 70,000 பேருக்கு மேல் வீடு வாசல் இழந்தார்கள். அந்தக் காயம் உண்மை. ஆனால் ஓர் உண்மையைச் சிறிய மரக்காலாக ஆக்கி, அதை வைத்து வன்னியின் குழந்தைகளை நான் அளந்தேனே, அதுதான் பாவம்.

அந்தக் குழந்தைகளுக்கு என்ன நடந்தது? நம் வலங்கைமான் வெடிக்குப் பெயர் போன ஊர். வெடிச் சத்தம் கேட்டால் நம் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அங்கே பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள். அந்தப் போருக்கு இலங்கை அரசு வைத்த பெயர் மனிதாபிமான நடவடிக்கை. பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகக்கூடாது என்பதே எங்கள் கொள்கை என்றது. 2009 பிப்ரவரியில், சிக்கியிருப்பவர்கள் 70,000 பேர் அளவில்தான் என்றது. போர் முடிந்தபோது உயிரோடு வந்து முகாம்களில் இருந்தவர்கள் மட்டும் 2,80,000 பேருக்கு மேல். முன்பே வெளியேறியவர்களைக் கழித்தாலும் கணக்கு ஒட்டவில்லை. அந்தக் குறைந்த கணக்கைக் காட்டித்தான் உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. முதலில் ஆட்களைக் குறைத்து அளந்தார்கள். பிறகு அரிசியைக் குறைத்து அளந்தார்கள்.

தாக்குதல் நடக்காது என்று அரசே அறிவித்த பகுதிகளில் குண்டுகள் விழுந்தன. மருத்துவமனைகள் மீதும் விழுந்தன. ஏப்ரல் 27 அன்று, இனி கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்தது. அதை நம்பி, அன்று காலை சென்னை அண்ணா நினைவிடத்தில் தொடங்கிய உண்ணாவிரதத்தை முதல்வர் கலைஞர் முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அந்த ஆயுதங்கள் ஓயவில்லை என்கிறது அதே குழு. புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அது மறைக்கவில்லை. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை மறுத்துவிட முடியாது என்றது.

இது கொழும்பின் குணம் மட்டுமா? 1987-ல் நம் நாட்டின் படை அமைதிப் படை என்ற பெயரோடு யாழ்ப்பாணம் போனது. அக்டோபர் 21 அன்று யாழ் மருத்துவமனையில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரு தரப்புச் சண்டையின் நடுவே சிக்கியவர்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த மண்ணில் நம் வீரர்களும் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 2003-ல் இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் குவிந்து கிடக்கின்றன என்று அமெரிக்கா ஐ.நா. சபையில் படம் போட்டுக் காட்டியது. நாட்டைப் பிடித்த பிறகு அவர்களே அனுப்பிய ஆய்வுக் குழு தேடியும் அந்தக் குவியல் கிடைக்கவில்லை. செத்தவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

அன்பானவர்களே! பொய்த் தகவலால் போர் மூளும் ஆபத்து மதீனாவுக்கே வந்தது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்கச் சென்றவர் பாதி வழியில் பயந்து திரும்பி, அவர்கள் ஜகாத் தர மறுத்து என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொன்னார். படை புறப்படும் நிலை. உண்மையில் அந்த மக்கள் ஜகாத்தோடு காத்திருந்தார்கள். அப்போதுதான், ஒரு பாவி செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்தில் வசனம் (49:6) இறங்கியது என்று முஃபஸ்ஸிரீன்கள் கூறுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் இருந்த ஊரிலேயே விசாரிக்கச் சொன்ன அல்லாஹ், நம் காலத்து அமைச்சர்களின் பேட்டியை விசாரிக்காமல் நம்பச் சொல்வானா?

தம் படை தவறு செய்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? பனூ ஜதீமா மக்கள் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியாமல் வேறு விதமாகச் சொன்னார்கள். காலித் (ரலி) அவர்களின் படை அவர்களில் பலரைக் கொன்றது. செய்தி வந்ததும் நாயகம் கைகளை உயர்த்தி, காலித் செய்த காரியத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று அல்லாஹ்விடம் இரண்டு முறை முறையிட்டார்கள் (புகாரி). அலீ (ரலி) அவர்களை அனுப்பி ஒவ்வோர் உயிருக்கும் ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரம்வரை கணக்குப் பார்க்கப்பட்டது என்று சீராவில் வருகிறது. காலித் நம் தளபதி என்று மூடி மறைக்கவில்லை. பெரிய மரக்கால், சிறிய மரக்கால் என்ற பேச்சே அங்கே இல்லை.

அநீதி இழைக்கப்பட்டவர்கள் எதிர்த்து நிற்க மார்க்கத்தில் அனுமதி உண்டு (22:39). ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளையும் அதோடு உண்டு (2:190). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான் (5:8). நமக்கு வேண்டியவர்கள் சாகும்போது அழுவதற்கு ஈமான் தேவையில்லை, இரத்த பாசம் போதும். நமக்குத் தீங்கு செய்தவர்களின் ஊரில் குழந்தை சாகும்போது நெஞ்சு பதறுகிறதா என்பதில்தான் சோதனை இருக்கிறது.

"நாம் பேசி எந்த அரசு கேட்கப் போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். எந்தப் போரும் தளவாடத்தால் மட்டும் நடப்பதில்லை. டீக்கடையில் தலையாட்டுபவனும் அதற்கு ஆள் சேர்க்கிறான். அன்று நான் ஆட்டினேன். இனி எந்த அரசு, அது நம் அரசாகவே இருந்தாலும், ஒரு போருக்குக் காரணம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செய்தியை விசாரித்தது யார்? சாகப் போகிறவர்கள்தான் குற்றம் செய்தவர்களா? இதே காரணத்தைச் சொல்லி நம் தெருவில் குண்டு போட்டால் ஏற்போமா? பதில் கிடைக்கும்வரை வெற்றிச் செய்தியை வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்து இன்று பதில் சொல்வோம். கையேந்துங்கள்.

யா அல்லாஹ்! காத்தான்குடியில் ஸுஜூதில் விழுந்தவர்களுக்கு உன் மன்னிப்பையும் சுவனத்தையும் வழங்குவாயாக! முள்ளிவாய்க்கால் மணலில் பிள்ளைகளைப் புதைத்த தாய்மார்களுக்கும், காணாமல் போனவர்களை இன்றும் தேடுகிறவர்களுக்கும் ஆறுதலும் நீதியும் கிடைக்கச் செய்வாயாக! காஸாவிலும் உலகெங்கும் போரில் சிக்கிய மக்களைக் காப்பாயாக! உயிர்களைக் குறைத்து அளந்த எங்கள் நாவுகளை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.