தப்பியதும் தாங்கியதும்

வேப்பந்தட்டையில் வேப்பமரங்கள் கருகின. ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருப்பதால் இதில் விதியின் நையாண்டி இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கவிஞர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும். தமிழகத்தின் பல ஊர்களில் கருகியதுதான் இங்கும் கருகியது. மழைக்காலத்தில் நுனிக்கிளைகள் பழுப்பேறி, தீயில் வாட்டிய மாதிரி மரம் நிற்கிறது. காரணம் ஒரு பூஞ்சை. ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று 1997இல் அதற்குப் பெயரிட்டார்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சியும் தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சிக் கருக வைக்கிறது.

என் கொல்லையில் நின்ற மரத்தை வெட்டச் சொன்னவன் நான். கார்த்திகை மாதம். மரம் செத்துவிட்டது, ஓட்டின்மேல் விழும் என்பது என் நியாயம். "பங்குனி வரைக்கும் பாருடா" என்றாள் அம்மா. பி.ஏ. படித்தவன், பாங்கில் வேலை பார்ப்பவன், பங்குனி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அதே அளவு கருகியிருந்த அடுத்த வீட்டு மரம் பங்குனியில் துளிர்த்துப் பூவும் வைத்தது. வருஷப்பிறப்புக்கு அந்தப் பூவில்தான் அம்மா பச்சடி செய்தாள். நானும் சாப்பிட்டேன்.

நிச்சயமில்லாத ஒன்றின்பேரில் காத்திருப்பது கடமையாகுமா என்ற கேள்வி அன்று தொடங்கியது.

அமெரிக்காவில் செஸ்ட்நட் என்றொரு மரம் இருந்தது. கிழக்கு மலைக்காடுகளின் பெருமரம். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சையை 1904இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் கண்டார்கள். 1950க்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் வரை போயின. பென்சில்வேனியா அரசு 1911இல் இதற்கென ஒரு கமிஷன் வைத்தது. 1913இல் அது கைவிரித்தது. இதற்கிடையில் நிலக்காரர்கள் நோய் வராத மரங்களையும் முன்கூட்டியே வெட்டி விற்றார்கள். எப்படியும் சாகப்போவது, விலை கிடைக்கும்போதே போகட்டும் என்ற தர்க்கம். தாங்கி நின்றிருக்கக்கூடிய மரங்கள் அவற்றில் எத்தனை என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. அழிவு நிச்சயம் என்று நம்பியவர்களே அதை நிச்சயமாக்கினார்கள். கார்த்திகையில் நான் செய்தது இதன் சில்லறைப் பதிப்பு.

ஆனால் நின்ற மரமெல்லாம் தாங்கிய மரமல்ல. நோய் எட்டாததால் நிற்பது தப்பியது. நோயைச் சந்தித்தும் நிற்பது தாங்கியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வேரழுகலும் வாடலும் தென்னையைத் தின்ற கேரளத்தில், காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தார், நோய் மண்டிய தோப்புகளுக்குள்ளேயே வாடாமல் நின்ற மரங்களைத் தேடித் தாய்மரமாக்கினார்கள். கல்பரக்ஷா, கல்பஸ்ரீ என்ற ரகங்கள் அப்படி வந்தவை. நோயில்லாத தோப்பில் தேடியிருந்தால் தப்பியவைதான் கிடைத்திருக்கும். (இலக்கியத்தில் நிலைத்தவர்களைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். கேட்டால் சண்டை வரும்.)

செஸ்ட்நட்காரர்களுக்குத் தாய்மரம் எளிதில் அகப்படவில்லை. 1983இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தொண்டர்கள் சீன செஸ்ட்நட்டோடு கலந்து, பிறந்ததை மறுபடி மறுபடி அமெரிக்க மரத்தோடு சேர்த்தார்கள். மூன்று தடவை சேர்த்தால் 16இல் 15 பங்கு பழைய மரம். பூவுக்குப் பை கட்டி, மகரந்தம் தூவி, பல வருஷம் காத்திருந்து, கன்றின் பட்டையில் தாங்களே நோயை ஏற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை தோற்கும். தாங்கும் சக்தி ஒரிரு மரபணுவில் இல்லை, பலவற்றில் சிதறிக் கிடக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கோதுமையின் மரபணு ஒன்றைச் செலுத்திய மரத்தின்மேல் நம்பிக்கை வைத்தார்கள். வருஷக்கணக்காகச் சோதித்தது தாங்கள் நினைத்த வழியில் வந்த மரமே அல்ல, அடையாளம் மாறிப்போயிருக்கிறது என்று 2023இல் வெளிப்பட்டது. சங்கம் அதற்கான ஆதரவை விலக்கிக்கொண்டது.

பதினாறில் ஒரு பங்கு அந்நியம் கலந்தது அதே மரமா? எங்கள் ஊரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரகங்கள் கலப்பதும் மாறுவதும் இங்கே அன்றாடச் செய்தி. அதே பருத்தியா என்று கவுண்டரில் நிற்கும் விவசாயி யாரும் கேட்டதில்லை. பருத்தி பருவத்தோடு முடிகிறது. மரம் நமக்குப் பின்னும் நிற்கிறது. நம் பேரன் அதே பெயர் சொல்லி அழைப்பான் என்பதில்தான் இந்தக் கேள்வியின் கூர்மை இருக்கிறது. கலந்தாலும் அது அந்த மரம்தான் என்பது என் கட்சி. தூய்மைக்காக அழியச் சம்மதிப்பவர்கள் தாங்கள் அழிவதில்லை, மரத்தைத்தான் அழியவிடுகிறார்கள்.

வேம்பு விஷயத்தில் இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. வராமலிருக்க, எது தாங்குகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். விதைப்பந்து வீசிப் போட்டோ எடுக்க ஆள் இருக்கிறது. இந்தப் பூஞ்சை விதையிலும் தங்கும். எந்த மரத்து விதை என்று கேட்காமல் ஆயிரக்கணக்கில் வீசுவது தொண்டா, நோய் பரப்பலா? கேட்டால் என்னை விரோதி என்பார்கள். மஞ்சள் துணி கட்டிய கோவில் மரத்தையோ, எவ்வளவு கருகினாலும், வெட்ட எவனும் துணியமாட்டான். பயத்தால்தான். பயத்தால் நின்ற மரம் ஒருநாள் தாய்மரமாகலாம். பகுத்தறிவு பேசும் எனக்கு இது உவப்பான செய்தி இல்லை.

காத்திருப்பவனின் தலையில் கிளை விழலாம் என்பதும் உண்மை. காய்ந்த கிளையைக் கழித்துவிட்டு மரத்தை விடலாமே என்பது எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அடுத்த வீட்டு மரம் இந்தக் கார்த்திகையில் மறுபடி கருகியது, போன தடவையைவிடக் குறைவாக. குறைவு என்று தோன்றுவதில் என் ஆசை எவ்வளவோ. பழைய கணக்கு நோட்டு ஒன்றில், எந்தக் கிளை, எவ்வளவு என்று தேதி போட்டு எழுதி வருகிறேன். வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "லோன் கொடுக்கப் போறீங்களா சார்?" என்றார்.