மார்த்தாளின் அடுப்பும் இரண்டு நிமிஷக் கஞ்சியும்

குளிரும் ஈரமும் மிகுந்து கோதுமை செழிக்க மறுக்கும் ஸ்காட்லாந்து மலைப்பிரதேசங்களில், தலைமுறை தலைமுறையாகக் குடியானவனின் உயிரைத் தாங்கி வந்தது ஓட்ஸ் கஞ்சி. உமி நீக்கித் திரித்த தானியத்தை நீரிலிட்டு, உப்பு மட்டும் சேர்த்து, 'ஸ்பர்ட்டில்' என்ற மரக்கோலால் கட்டி விழாமல் கிளறி, சிறுதீயில் நிதானமாக வேகவைத்து இறக்குவது அத்தேசத்தாரின் சம்பிரதாயம். கார்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1994-இல் தொடங்கிய உலகக் கஞ்சிப் போட்டியிலும், பழைய முறைக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் ஓட்ஸ், நீர், உப்பு என்ற மூன்றைத் தவிர வேறெதையும் தொடலாகாது.

அமெரிக்க ஆலைகள் இத்தானியத்தை ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கி, அவலைப் போல் தட்டையாக்கக் கற்றபோது அடுப்படி நேரம் குறையத் தொடங்கிற்று. மௌனத்தில் காத்திருந்து ஈசுவரனை வழிபடும் குவேக்கர் சமயத்தாரின் பெயரை, அச்சமயத்தோடு யாதொரு சம்பந்தமுமில்லாத ஓர் ஆலை 1877-இல் தன் ஓட்ஸுக்கு வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. அந்தப் பெயரிலேயே 1966-இல், வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும் என்னும்படியான உடனடிக் கஞ்சியும் வந்து சேர்ந்தது. இன்னும் மெல்லியதாக நசுக்கி, முன்னதாகவே வேகவைத்து உலர்த்திய இக்கஞ்சி விரைவில் ஜீரணமாகி, இரத்தத்தில் சர்க்கரையையும் விரைவில் ஏற்றும் என்பது வைத்தியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். என் விசாரம் வேறு. வயிற்றுக்காக அடுப்பின் முன் நிற்கும் நேரம் ஆத்மாவுக்கு நஷ்டமா, அல்லவா என்பதே அது.

நஷ்டம்தான் என்று வாதிடுவோருக்குக் கிறிஸ்தவ வேதத்திலேயே பலமான ஆதாரம் உண்டு. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், இயேசு மார்த்தாள் என்பவளின் வீட்டுக்கு வந்தபோது, அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே அமர்ந்து உபதேசம் கேட்கிறாள். உபசாரத்தில் உழன்ற மார்த்தாளோ சகோதரி உதவவில்லையே என்று முறையிடுகிறாள். மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று தீர்ப்பாகிறது. அப்படியானால், கஞ்சி காய்ச்சும் அரை மணி நேரத்தை இரண்டு நிமிஷமாகச் சுருக்கும் பொட்டலம், மார்த்தாள்கள் எல்லோரையும் மரியாள்களாக்கும் மகத்தான சாதனம் ஆகாதா?

ஆகாது என்பதே என் துணிபு. அக்கதையை ஊன்றிப் படிக்கிறவருக்கு, அங்கே கண்டிக்கப்பட்டது மார்த்தாளின் வேலையன்று, அநேக காரியங்களைப் பற்றி அவள் பட்ட கவலையே என்பது விளங்கும். ஜெர்மானிய ஞானியான எக்கார்ட் ஒருபடி மேலே சென்று, பாதத்தருகே அமர்ந்து இன்புற்ற மரியாளைவிட, காரியங்களின் நடுவே நின்றும் தன் உள்ளத்தின் மூலத்தை இழக்காத மார்த்தாளே பக்குவப்பட்டவள் என்று பிரசங்கித்தார். உடனடிக் கஞ்சி நம்மிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்கிறது. கவலையையோ தொடாமல் விட்டுவிடுகிறது. கோப்பையைக் கலக்கும் அந்த இரண்டு நிமிஷத்திலும் மனம் தவறவிருக்கும் ரயிலையும் காத்திருக்கும் அலுவலையும் சுற்றித் திரியுமானால், மிச்சமான நேரத்தில் மரியாளின் அமைதி எங்கிருந்து வரும்?

வேலையை வைத்துக்கொண்டு கவலையை மாத்திரம் களைய முடியுமா என்பதற்கு ஜப்பானியத் துறவி டோகென் விடை வைத்துச் சென்றிருக்கிறார். 1223-இல் சீன தேசம் சென்ற அவர், தியன்தோங் மடத்தில், தலையில் தொப்பியுமின்றி நடுப்பகல் வெயிலில் சமையற்பொருளை உலர்த்திக்கொண்டிருந்த 68 வயது மடைப்பள்ளித் தலைவரைக் கண்டு மனம் பொறாமல், இதை ஏவலாள் எவரேனும் செய்யலாகாதா என்று வினவினார். பிறர் தாமாகிவிட முடியாது என்றார் கிழவர். வெயில் தாழ்ந்த பின்னராவது செய்யலாமே என்றதற்கு, இப்பொழுதை விட்டால் வேறு எப்பொழுது என்று திருப்பிக் கேட்டார். இத்தகைய சந்திப்புகளின் பயனாக டோகென் 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் இயற்றினார். மறுநாள் காலைக் கஞ்சிக்கான அரிசியை முன்னிரவிலேயே, கல்லும் மணலும் நீக்கிச் சமையற்காரர் தம் கையாலேயே சுத்தம் செய்ய வேண்டுமென்று அதில் விதித்தார். தியானத்துக்குக் குறையாத சாதனையாகவே அப்பணியை மதித்தார்.

இதனால் உடனடிக் கஞ்சியைப் பாபமென்று நான் சொல்லவில்லை. இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாதிக்கும், தனியே முதுமையைக் கழிக்கும் நோயாளிக்கும் அது பெரிய உபகாரம். அவர்களிடம் போய் ஸ்பர்ட்டிலின் மகிமையைப் பேசுவது இரக்கமற்ற செயல். ஆனால் திடமான உடலும் அவகாசமும் உள்ளவர்கள் வாரத்தில் ஒரு நாளேனும், இரவில் ஓட்ஸை ஊறவைத்து, விடியலில் வேறு எண்ணமின்றி அடுப்பருகே நின்று, தம் கையால் கிளறி இறக்கி, வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் பரிமாறிப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.