அயல் உயிரும் கொல்லாமையும்

அயல் உயிரினத்தை வரவிடாமல் தடுக்கவும், வந்துவிட்டதை அழிக்கவும் அரசுக்கு அறவுரிமை உண்டா என்பது கொல்லாமையை அறமாகக் கொண்ட சமூகம் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. சட்டம் 1919-லேயே ஒரு விடை சொன்னது. அவ்வாண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டப்படி, அரசு அறிவித்த பூச்சியையோ களையையோ நிலத்துக்காரர் அகற்றியாக வேண்டும். தவறினால் அதிகாரிகளே அகற்றிச் செலவை வசூலிக்கலாம். பூச்சி அடுத்த பயிருக்குத் தொடராதிருக்க, கோவை வட்டாரத்தில் கம்போடியா பருத்தியின் மாரை (அறுவடைக்குப் பின் நிற்கும் தண்டை) கெடுவுக்குள் பிடுங்க வேண்டும் என்ற விதி இதன்கீழ் வந்ததுதான். அங்கே காக்கப்பட்டதே ஓர் அயல் பயிர்.

ஆகவே அயல் என்பது மட்டும் குற்றமாகாது. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றைக் கழித்துவிட்டால் கொங்கு வேளாண்மை மெலிந்துவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் பிறப்பிடத்தோடு நிற்கவில்லை. காட்டுயிருக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு விளையக்கூடும் என்பதையும் சேர்த்தே ஊடுருவும் அயல் இனத்தை வரையறுக்கிறது. சத்தியமங்கலம் காட்டில் உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் எழுவதில்லை. மானும் யானையும் மேய்ச்சல் இழக்கின்றன. காங்கேயம் மாடுகள் கொழுக்கட்டைப்புல் மேயும் கொறங்காட்டுக்குள் சீமைக்கருவேலம் நுழைந்தாலும் அதுவே கதி. செடியை விட்டுவைப்பது இரக்கம்போலத் தோன்றும். அந்த இரக்கத்தின் விலையைப் பசித்த வேறோர் உயிர் கொடுக்கிறது.

விஜயமங்கலம் பஸதி (சமணக் கோயில்) இன்றும் நிற்கும் கொங்கு மண்ணில் சமண அறத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் போவதோடு அசட்டையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. இந்த அளவுகோல் இங்கே மிகப் பொருந்தும். செடிக்கும் பூச்சிக்கும் பழி இல்லை. விளைவை எண்ணாமல் கொண்டுவந்தவர்மீதே பழி.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அது தாக்கியது, மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, தனிமைக் காப்பில் சோதிக்கப்பட்ட பிறகே வயல்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி அடங்கியது. ஓர் உயிரைக் கொல்ல இன்னோர் உயிரை இறக்குமதி செய்தது உண்மை. ஆனால் இரண்டாவது வரவில் முதல் வரவில் இல்லாத கவனம் இருந்தது. அதை ஏற்கத்தக்கதாக்குவது அந்தக் கவனமே.

அப்படியானால் அறத்துக்கு நெருக்கமான சட்டம் நுழைவாயிலில் தடுப்பதுதான். அங்கே கொல்ல நேர்வது குறைவு. ஆனால் அந்த வாயில் மாநிலத்தின் கையில் இல்லை. அரசியலமைப்பு, பயிரைப் பூச்சியிடமிருந்து காப்பதை மாநிலப் பட்டியலிலும், மாநிலம் விட்டு மாநிலம் பரவுவதைத் தடுப்பதைப் பொதுப்பட்டியலிலும் வைத்திருக்கிறது. வெளிநாட்டு நாற்றையும் விதையையும் சோதிப்பது 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசின் வேலை. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டபோது, தடுக்கும் கட்டம் கடந்துபோயிருந்தது. அழிக்கும் கட்டம் மட்டுமே மாநிலத்துக்கு மிஞ்சியது.